துணியில் ரத்தக் கறை: சூடு படுவதற்கு முன்

ரத்தம் பட்ட துணியைக் கண்டதும் பல வீடுகளில் முதல் வேலையாக அடுப்பில் வெந்நீர் ஏறும். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அது சரி. ரத்தத்துக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. முட்டையின் வெள்ளைக்கரு வாணலியில் விழுந்ததும் என்ன ஆகிறதோ, அதேதான் வெந்நீரில் ரத்தத்தின் புரதங்களுக்கும் நடக்கிறது. 60 டிகிரியைத் தாண்டும்போது அவை உறைந்து கெட்டிப்பட்டு, நூலிழைகளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. வெந்த முட்டையைப் பிறகு பச்சையாக்க முடியுமா? ‘என்ன செய்தும் போகவில்லை’ என்று கரித்துணியாகிப்போன சட்டைகளில் பலவற்றைக் கெடுத்தது இந்தச் சூடுதான்.

சூடு பல வழியில் வரும். கறை லேசாகத் தெரியும்போதே இஸ்திரி போடக் கொடுத்தால், பெட்டி ஒரு முறை மேலே ஓடியதும் கதை முடிந்தது. பல ஃப்ரன்ட் லோட் மெஷின்களில் ‘காட்டன்’ புரோகிராமை அழுத்தினால் தண்ணீர் தானாகவே 40 அல்லது 60 டிகிரிக்குச் சூடேறும்; ‘கோல்ட்’ என்று மாற்றிவிட்டுத்தான் துணியைப் போட வேண்டும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. சித்திரை, வைகாசியில் மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால், மொட்டை மாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீர் கையைச் சுடுகிறது. அதைப் பச்சைத் தண்ணீர் என்று நம்பித் துணியை நீட்டாதீர்கள். பானைத் தண்ணீரோ, ஐஸ் கட்டி இரண்டு போட்ட ஒரு மக் தண்ணீரோ போதும்.

ஈரமான கறை

ரத்தம் காய்வதற்கு முன்னால் கிடைக்கிற பத்து நிமிடத்துக்கு ஈடாகப் பின்னால் எந்தப் பவுடரும் நிற்காது. முதலில் மேலே நிற்கிற ரத்தத்தை வெள்ளைத் துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுங்கள். தேய்த்தால் காசளவு கறை உள்ளங்கையளவு ஆகும். வண்ணத் துணியால் ஒற்றினால் அதன் சாயமும் ஏறிவிடும்.

அடுத்து துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கறையின் பின்புறத்தில் குளிர்ந்த தண்ணீர் விழும்படி குழாயடியில் பிடியுங்கள். ரத்தம் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போனதோ, அந்தப் பக்கமாகவே அதை வெளியே தள்ளுவதுதான் நோக்கம். முன்பக்கத்தில் தண்ணீர் விட்டால் துணிக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நடுநடுவே துணியைப் பிழிந்து பாருங்கள். கீழே விழுகிற தண்ணீர் ரோஸ் நிறம் மாறித் தெளிவாகும் வரை சோப்பை எடுக்க வேண்டாம். வெள்ளைப் பள்ளிச் சட்டையில் சில்லுமூக்கு உடைந்து விழுந்த ரத்தம் பெரும்பாலும் இதோடு போய்விடும். ஓரத்தில் ஒரு மங்கலான வளையம் நின்றால், அது சோப்புக்கு.

தண்ணீர் ஓடவிட வசதி இல்லையென்றால் உப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு, அதாவது சுமார் 10 கிராம், போட்டுத் துணியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். கல் உப்பு என்றால் முழுசாகக் கரைந்த பிறகே துணியைப் போட வேண்டும். கரையாத கல்லோடு கசக்கினால் மெல்லிய துணியின் இழை பிய்ந்து பூப்பூவாக நிற்கும். உப்பை அள்ளிப் போட்டால் வேகமாகப் போகும் என்பதெல்லாம் இல்லை. இரண்டு ஸ்பூனுக்கு மேல் போடுவது வீண்.

கஞ்சி போட்ட வேட்டி என்றால் ஒரு சின்ன அதிர்ஷ்டம். ரத்தத்தில் ஒரு பங்கு கஞ்சிப் பூச்சின் மேலேயே தங்கியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கஞ்சியைக் கழற்றினால் அதோடு சேர்ந்து வரும். கறை முழுசாகப் போகும் வரை மறுபடி கஞ்சியோ நீலமோ போடாதீர்கள். நீலம் மஞ்சள் சாயலைக் கண்ணுக்கு மறைக்குமே தவிர எடுக்காது. போய்விட்டது என்று நினைத்து இஸ்திரி போட்டால் அது நிரந்தரமாகிவிடும்.

சோப்பும் என்சைமும்

எல்லா சோப்பும் ஒன்றல்ல. சாதாரண சலவைக் கட்டி அழுக்கையும் எண்ணெயையும் இளக்கும். புரதத்தை அறுக்கிற வேலை அதற்குத் தெரியாது. பவுடர் அல்லது லிக்விட் பாக்கெட்டின் பின்புறம் ‘என்சைம்’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அதில் இருக்கிற புரோட்டியேஸ் என்கிற நொதி, ரத்தத்தின் புரதச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரோடு போகவைக்கிறது. இது கொஞ்சம் நிதானமான வேலைக்காரன். தேய்த்த ஐந்தாம் நிமிடம் அலசினால் ஒன்றும் நடந்திருக்காது.

சின்னக் கறைக்கு அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பவுடர். கறைப் பகுதியை மட்டும் முக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். லிக்விட் என்றால் நேராகக் கறையின் மேல் நாலு சொட்டு விட்டு, விரல் நுனியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தடவி, இருபது நிமிடம் கழித்து அலசலாம். நடுவிலிருந்து வெளியே தேய்ப்பது நம் கைப்பழக்கம். இங்கே அதை மாற்றிக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பருத்தி என்றால் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்கலாம். ரேயானிலும் ‘வாயில்’ என்கிற மெல்லிய துணியிலும் பிரஷ் வேண்டாம்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திட்டாகத் துணியில் படியும். அங்கே கட்டி சோப்பைவிட டிடர்ஜென்ட் பவுடரே நல்லது. குழாய் வாயில் செம்மண் நிறத்தில் கறை படிகிற அளவுக்கு இரும்புச் சத்துள்ள போர் தண்ணீர் என்றால், கடைசி அலசலை மட்டுமாவது கேன் தண்ணீரில் செய்யுங்கள். பிளீச் பட்டால் அந்தத் தண்ணீரே துணியில் பழுப்புப் புள்ளி வைக்கும். அதைப் பார்த்து ரத்தம் போகவில்லை என்று மறுபடி தேய்ப்பார்கள்.

காய்ந்து பழுப்பான கறை

காற்றுப் படப் பட ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினின் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து மாறுகிறது. அதனால்தான் சிவப்பு பழுப்பாகிறது. கெட்டியாகக் காய்ந்திருந்தால் முதலில் ஸ்பூன் விளிம்பால் சுரண்டி, வெளியே போய் உதறுங்கள். பிறகு வெறும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும். இந்த ஊறலைத் தவிர்த்துவிட்டு நேராகப் பவுடர் தண்ணீரில் போடுகிறவர்களுக்குப் பாதிக் கறை நிற்கும். காய்ந்த புரதம் தண்ணீர் குடித்து உப்பினால்தான் என்சைம் உள்ளே போக முடியும்.

அடுத்து நாலு லிட்டர் தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் என்சைம் பவுடர், ராத்திரி முழுக்க. தண்ணீர் இப்போது வெதுவெதுப்பாக இருக்கலாம், குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு, அதற்கு மேல் இல்லை. குளிர்ந்த தண்ணீரைவிட இந்தச் சூட்டில் என்சைம் சுறுசுறுப்பாக வேலை செய்யும். கொதிக்கிற தண்ணீரில் என்சைமே செத்துவிடும். சாயத் துணி என்றால் ராத்திரி முழுக்க வேண்டாம். உள்மடிப்பை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்கக் கூடாது. அரை மணி ஊறல், அலசல், மறுபடி அரை மணி என்று தவணை முறையில் போக வேண்டியதுதான்.

ஆட்டுக்கறியைப் பப்பாளிக்காய் போட்டு மெதுவாக்குகிறோமே, அந்தப் பாலில் இருப்பதும் புரதத்தை வெட்டுகிற நொதிதான். அப்படியானால் துணியில் பூசலாமே என்று தோன்றும். வேலை செய்யும்; ஆனால் பப்பாளிப் பால் காய்ந்து தானே ஒரு கறை வைக்கும். பவுடர் பாக்கெட் வீட்டில் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

ஹைட்ரஜன் பெராக்சைடு

வெள்ளைப் பருத்தியில் கடைசியாக நிற்கிற நிழலுக்கு இதுதான் மருந்து. மருந்துக் கடையில் 100 மில்லி பாட்டிலில் கிடைக்கும். லேபிளைப் பார்க்காமல் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. துணிக்குத் தேவை 3 சதவீதம், அதாவது ‘10 வால்யூம்’. நம் ஊரில் பரவலாக விற்பது 6 சதவீதம், ‘20 வால்யூம்’. அப்படியிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். 6 சதவீதம் நேராகக் கையில் பட்டால் தோல் வெளுத்துக் குறுகுறுக்கும். உறை போட்டுக்கொள்வது நல்லது.

கறைக்கு அடியில் மடித்த பழைய வெள்ளைத் துணி ஒன்று. மேலே சொட்டுச் சொட்டாக விடுங்கள். உடனே புசுபுசுவென்று வெள்ளை நுரை கிளம்பும்: ரத்தத்தில் இருக்கிற கேட்டலேஸ் என்கிற நொதி பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனை வெளியேற்றுகிறது. நுரை அடங்கியதும் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி விடுங்கள். மூன்று முறைக்கு மேல் வேண்டாம். பிறகு தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். நுரை வரவில்லை என்றால் கறையில் அந்த நொதி பிழைத்திருக்கவில்லை என்று அர்த்தம், அதாவது ஏற்கெனவே சூடு கண்டிருக்கலாம். அல்லது பாட்டில் பழசாகிப் பெராக்சைடு வெறும் தண்ணீராகியிருக்கும். வெளிச்சம் பட்டால் அது சிதைந்துபோகும். அடர் நிற பாட்டிலில் வருவது அதற்காகத்தான். தெளிந்த ஸ்ப்ரே பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள்.

வண்ணத் துணியில் பெராக்சைடு சாயத்தையும் சேர்த்து வெளுக்கும். கறுப்பு பேன்ட்டில் ரத்தம் போய் ஆரஞ்சுத் திட்டு நிற்கும். ரத்தமே தேவலை என்று தோன்றும். கண்ணுக்குத் தெரியாத தையல் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதற்கும் மசியாத மஞ்சள் பழுப்பு என்றால், பெரும்பாலும் ரத்தத்தின் இரும்பு மட்டும் துருவாக மிஞ்சியிருக்கிறது. வெள்ளைப் பருத்திக்கு எலுமிச்சைச் சாறும் பொடி உப்பும் குழைத்துப் பூசி, இருபது நிமிடம் விட்டு அலசுங்கள். வெயில் பட்டால் வேகம் கூடும். ரத்தப் புரதம் முழுசாகப் போன பிறகே இது. முதலிலேயே எலுமிச்சை பிழிந்தால் அமிலத்தில் புரதம் திரிந்து இறுகும்.

குளோரின் பிளீச்சுக்கு இந்த வேலையில் இடமே இல்லை என்பது நம் கட்சி. துணியின் வெள்ளையை மஞ்சளாக்குவதும், என்சைமைக் கொல்வதும், ரத்தத்தின் இரும்பைத் துருவாக நிறுத்துவதும்தான் அது செய்கிற சேவை. அதை வினிகரோடும், எலுமிச்சையோடும், கழிப்பறை கழுவுகிற ஆசிட்டோடும் ஒருநாளும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தாலும் நச்சுப் புகைதான். மூடிய குளியலறையில் அது ஆளையே சாய்க்கும்.

பட்டு, கம்பளி

பட்டும் கம்பளியும் புரதம்தான். ரத்தத்தை வெட்டுகிற என்சைம் இவற்றையும் வெட்டும். ஆகவே மேலே சொன்ன பவுடர் ஊறல் இங்கே கிடையாது. பட்டுச் சேலையில் ஒரு துளி ரத்தம் என்றால், அடியில் உலர்ந்த வெள்ளைத் துண்டை விரித்து, காது குடையும் பஞ்சுக் குச்சியைக் குளிர்ந்த தண்ணீரில் தொட்டுக் கறையை மேலிருந்து ஒற்றுங்கள். ரத்தம் அடித் துண்டுக்கு இறங்கும். துண்டை நகர்த்தி நகர்த்தி உலர்ந்த இடம் கொடுக்க வேண்டும். கடைசியில் ஈரத்தின் ஓரத்தை வெளிப்பக்கமாக மெல்ல மெல்லத் தேய்த்துக் கரைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரத்தம் போன இடத்தில் தண்ணீர் வளையம் நிற்கும். மின்விசிறிக் காற்றில் காயட்டும்.

ஜரிகை மேல் உப்புத் தண்ணீர் படக் கூடாது, கறுத்துவிடும். அடர் நிறப் பட்டில் நிழல் நின்றால், பூந்திக்கொட்டைத் தோல் இரண்டு மூன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, அந்த நுரையால் ஒற்றலாம். வெளிர் நிறத்தில் வேண்டாம், பூந்திக்கொட்டையே லேசாகப் பழுப்பேற்றும். விலை உயர்ந்த சேலை என்றால் டிரை கிளீனிங் கொடுங்கள். கொடுக்கும்போது ‘இது ரத்தம், இத்தனை நாளாயிற்று, இன்ன போட்டுப் பார்த்தோம்’ என்று சொல்லிக் கொடுங்கள். டிரை கிளீனிங் திரவம் எண்ணெயைத்தான் கரைக்கும், ரத்தத்தைக் கரைக்காது. அவர்கள் அந்த இடத்துக்குத் தனியாக வேலை செய்ய வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் நேராக மெஷினுக்கும், அங்கிருந்து நீராவி இஸ்திரிக்கும் போய்விடும்.

மாதவிடாய்க் கறையும் மெத்தையும்

இந்த ரத்தத்தோடு சளித்தன்மையுள்ள திரவமும் திசுத் துணுக்கும் சேர்ந்திருப்பதால் வெறும் தண்ணீரில் ஒரு வழுவழுப்பு நிற்கும். உள்ளாடை, உள்பாவாடைக்குக் குளிர்ந்த தண்ணீரில் அலசியதும் என்சைம் லிக்விடைத் தடவி அரை மணி நேரம் விட்டால் அது போகும். ராத்திரி நனைந்ததைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டிலடியில் சுருட்டி வைக்காமல், ஒரு மக் தண்ணீரில் முக்கியாவது வையுங்கள். ஈரமாக இருக்கும் வரை கறை உங்கள் கையில். கறை முழுசாகப் போனதும் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று வேறு துணிக்கு அடியில், நிழலில் போட்டால் சரியாகக் காயாமல் பூஞ்சைதான் வரும்.

மெத்தையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இலவம் பஞ்சு உருண்டு கட்டி தட்டும். ஃபோம் உள்ளே ஈரம் தங்கி நாறும். குளிர்ந்த தண்ணீரில் பிழிந்த துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் ஒற்றி, மாறி மாறிச் செய்யுங்கள். பிறகு சோள மாவு இரண்டு ஸ்பூன், பொடி உப்பு ஒரு ஸ்பூன், தோசை மாவுப் பதத்துக்குக் குளிர்ந்த தண்ணீர். குழைத்துப் பூசி, காய்ந்து வெடித்ததும் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடுங்கள். மாவு காயும்போது கறையை மேலே உறிஞ்சும். உறை வெள்ளை என்றால் மிச்சத்துக்கு 3 சதவீதப் பெராக்சைடு சில சொட்டு. மின்விசிறிக்கு அடியில் முழுசாகக் காய்ந்த பிறகே விரிப்பு.

கறிக்கடைப் பை, மீன் நறுக்கிய துணி இரண்டிலும் ரத்தத்தோடு கொழுப்பும் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் ரத்தத்தை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டில் கொழுப்பை எடுங்கள். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு.

ரத்தம் மாதிரி இருக்கும், ரத்தம் இல்லை

வெட்டுக் காயத்தில் மஞ்சள் தூளை அப்புகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தத் துணியைச் சோப்புப் போட்டதும் கறை குபீரென்று சிவக்கும்; ரத்தம் மறுபடி கிளம்பிவிட்டதோ என்று பயந்து தேய்ப்பார்கள். அது ரத்தம் இல்லை, மஞ்சளின் நிறமி காரத்தில் சிவப்பாக மாறுகிறது. அலசினால் மறுபடி மஞ்சளாகும். அதை வெயிலில் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும்.

காயத்துக்குப் போடுகிற பழுப்பு அயோடின் மருந்தும் காய்ந்த ரத்தம் மாதிரியே இருக்கும். கஞ்சி போட்ட வேட்டியில் பட்டால் நீலக் கறுப்பாக மாறி உண்மையைச் சொல்லிவிடும். இதற்கு வண்ணமில்லாத வெள்ளை வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து ஒற்றுங்கள். கண்ணெதிரே நிறம் மறையும்.

எச்சில் வைத்தியமும் பிறர் ரத்தமும்

தையல்காரர்கள் விரலில் ஊசி குத்தித் துணியில் புள்ளி விழுந்தால், ஒரு துண்டு நூலை வாயில் போட்டு நனைத்து அதால் ஒற்றுவார்கள். எச்சிலில் ரத்தத்தைக் கரைக்கிற சத்து இருக்கிறது என்பார்கள். எச்சிலின் முக்கிய நொதி மாவுச்சத்தைத்தான் செரிக்கும், புரதத்தை அல்ல. ஆனாலும் வைத்தியம் பலிக்கிறது: கறை கடுகளவு, விழுந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஈரம் ஒரு சொட்டுதான், தேய்க்காமல் ஒற்றுகிறார்கள். இந்தப் பக்குவத்தில் தண்ணீர் தொட்டாலும் போயிருக்கும். விரிப்பில் நசுங்கிய கொசுவின் புள்ளிக்கும் இதே கைவண்ணம் போதும். முதலில் கொசுவின் காலையும் இறகையும் நகத்தால் தட்டிவிட்டு, ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள்.

வேறொருவருடைய ரத்தம் என்றால் எச்சிலும் வேண்டாம், வெறும் கையும் வேண்டாம். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாளாவது பிழைத்திருக்கும். ரப்பர் கையுறை போட்டு, தெறிக்காமல் வாளித் தண்ணீருக்குள்ளேயே அலசி, அந்தத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள். வீட்டில் மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். கறை முழுசாகப் போய்விட்டது என்று பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகு, அப்போதுதான், அந்த வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்குங்கள்.